சங்கு ஊதினால் தண்ணீருக்குள் ஓடும் ஊர்

ஈஸ்வரனைச் சம்மதிக்க வைக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. அவன் சரி என்று சொன்ன மறுநிமிடமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அதுவரை நான் தைரியமாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். கொச்சிப் பக்கத்தில் ஒரு பெரிய தண்ணீர்ப் பூங்கா இருக்கிறது. அங்கே மூன்று தடவை போய் வந்தவன் நான். வயது இருபத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. கம்பத்தில் கணினி சொல்லிக்கொடுக்கும் வேலை. தீம் பார்க் என்றால் பிள்ளைகுட்டிக்காரர்களுக்குத்தான் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், டீ ஆறிப்போகும்வரை மல்லுக்கு நிற்பேன்.

ஈஸ்வரன் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். வைகை அணையில் வேலை. நீர்மட்டம் அறுபத்தாறு அடியைத் தொட்டால் ஆற்றங்கரை ஜனங்களை எச்சரிக்க சைரன் ஊத வேண்டும். எங்கள் பக்கம் அதைச் சங்கு என்றுதான் சொல்வோம். அந்தப் பொத்தானை முறை வைத்து அமுக்குகிற மூன்று பேரில் அவனும் ஒருவன். கரையில் துணி துவைக்கிறவர்கள், மாடு குளிப்பாட்டுகிறவர்கள் எல்லாரும் அதைக் கேட்டுத்தான் மேடேறுவார்கள். ஆறு வருடமாக அவனுக்கு இதே வேலை, இதே நினைப்பு.

"ஏலே சேவியர், மீச வச்ச ஆளு ரப்பர் டியூப்புல உக்காந்து சறுக்குனா ஊருல என்ன பேசுவாக?" இதுதான் அவனுடைய முதல் தடை.

"வீரபாண்டித் திருவிழாவுல ராட்டினம் ஏறுனியே, அப்ப யாரு என்ன பேசுனாக?"

"அது சாமி கும்புடப் போன எடம்."

"ராட்டினத்துல எந்தத் தொட்டில்ல சாமி உக்காந்திருந்துச்சு?"

"வாய மூடு மாப்ள."

என் ஊர் சுருளிப்பட்டி. அருவிக்குக் குளிக்கப் போகிற வழியில் இருக்கிறது. தொப்பை போட்ட ஆட்கள், ரிட்டையர் ஆன வாத்தியார்கள் எல்லாரும் அருவிக்கடியில் நின்றுகொண்டு ஓவென்று கத்துவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் அவர்கள் வயதைக் கேட்டதில்லை. அதே தண்ணீரைக் குழாய் வைத்து மேலேற்றிக் கீழே விட்டால் மட்டும் அது எப்படிச் சிறுபிள்ளை விளையாட்டாகும்? இதையும் சொல்லிப் பார்த்தேன். அவன் அசையவில்லை.

கடைசியில் அவனை அசைத்தது என் வாதம் அல்ல. அவன் மனைவி ஜோதி ஒருநாள் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, இவுக தூங்குறதே இல்ல. லேசா மழ தூறுனாலும் எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, போனுல எத்தன அடின்னு பாக்குறாக. தேனி டாக்டரு பிரசர் கூடியிருக்குன்னு சொல்லிட்டாக. வர்ற புதன்கெழம மறுபடி பாப்பாகளாம். கொறையலேன்னா மாத்திர ஆரம்பிச்சிருவோம், அப்புறம் நிறுத்த முடியாதுன்னாக. இந்த வயசுல எதுக்குண்ணே? எங்கனயாச்சும் கூட்டிட்டுப் போங்க. கோயிலு வேணாம். கோயிலுக்குப் போனாலும் தெப்பக்குளத்துல எத்தன படி முங்கியிருக்குன்னுதான் பாக்குறாக."

"என் பொறுப்பும்மா, நல்லபடியா கொண்டாந்து விடுறேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்வது எனக்கு எப்போதும் எளிது. அன்றிரவே அவள் சொல்லுக்கு அவன் சரி என்றான்.

முதல் நாள் விடியற்காலை. கம்பம் பேருந்து நிலையத்தில் அவன் பையைத் திறந்து காட்டினான். குடை, டார்ச் லைட், நாலடுக்குத் தூக்குவாளியில் புளிச்சோறும் அவித்த முட்டையும், கயிறு ஒரு முழம்.

"கயிறு எதுக்குடா?"

"தண்ணி இருக்குற எடத்துக்குப் போறோம்ல."

மேற்கே மலை முழுக்கக் கருமேகம். மழை பலமாகப் பிடித்தால் அணை ஏறும். அணை ஏறினால் இவன் பாதி வழியில் திரும்பிவிடுவான். நான் வானத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே பேருந்தில் ஏறினேன்.

லோயர் கேம்பில் பேருந்து புகைந்து நின்றது. நடத்துநர் இறங்கி முன்னால் போய்ப் பார்த்துவிட்டு, இனி இது மலையேறாது என்று கையை விரித்தார். எல்லாரும் இறங்கி அவரைத் திட்டிக்கொண்டிருக்க, ஈஸ்வரன் மட்டும் மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சசக் குழாய்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாலும் ஓடுதுலே. இங்க எறங்குறது எல்லாம் நம்ம அணைக்குத்தான் வரும்."

"வரட்டும். நீ இப்ப அணையில இல்ல."

"அதான் பயம்."

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினேன். உள்ளே ஏற்கெனவே பன்னிரண்டு பெண்கள். எங்களைக் கடைசியில் திணித்துக்கொண்டார்கள். என் ஒரு கால் வெளியே தொங்கியது.

"எங்கனய்யா போறீக ரெண்டு பேரும்?" என்று தலையில் துண்டு கட்டிய அக்கா ஒருவர் கேட்டார்.

நான் பெருமையாகவே சொன்னேன். ஜீப்புக்குள் சிரிப்பு வெடித்தது.

"ஆத்தா, இம்புட்டு வளந்த ஆம்பளைக சறுக்கு வெளாடப் போறாகளாம்டி!"

"அங்க டிக்கெட்டு உண்டா?"

"உண்டுக்கா."

"அப்ப நாங்க தேவலப்பா" என்றார் அவர். சரியாக அந்த நேரம் வளைவில் ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி, எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து எழுந்தோம். "நாங்க தெனமும் இதுல ஏறி எறங்குறோம். எங்களுக்குக் கூலியும் குடுக்குறாக."

ஈஸ்வரன் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். பார்த்தியா, ஊர் என்ன பேசுது என்கிற பார்வை. எனக்கு முகம் சுட்டது.

குமுளியில் வாழைப்பழத்தில் சுட்ட பழம்பொரியும் பால் விடாத கட்டஞ்சாயாவும். அதற்கப்புறம் கேரளப் பேருந்து. முன்னிருக்கையில் இரண்டு பெரியவர்கள், எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தங்களுக்குள் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தவரை அது இப்படி:

"தமிழ்நாட்டுக்காரர்கள். அணையில் வேலையாம்."

"ஐயோ, திரும்பாதே. தண்ணீரைப் பற்றி ஆரம்பித்தால் நாம் இறங்குகிற ஊர் போய்விடும்."

மதியம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. குண்டு குண்டாகச் சிவப்புச் சோறு, குடம்புளி போட்ட மீன்கறி. டம்ளரில் இளஞ்சிவப்பாக ஆவி பறக்கும் தண்ணீரைப் பார்த்ததும் ஈஸ்வரன் அதைத் தள்ளி வைத்தான். "குழாயில துரு ஏறியிருக்கு மாப்ள. பைப்ப மாத்தச் சொல்லு" என்றான். நான் மொழிபெயர்க்க, பரிமாறியவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "மரப்பட்டை போட்டுக் காய்ச்சியது, அண்ணனிடம் பயப்படாமல் குடிக்கச் சொல்லுங்கள்" என்றார். அவன் ஒரு வாய் வைத்தான். பிறகு மூன்று டம்ளர் குடித்தான். சாப்பாட்டில் அவனுக்குப் பிடிவாதம் கிடையாது என்பது எனக்கு ஒரு ஆறுதல்.

சாயங்காலம் விடுதி அறைக்குள் நுழைந்ததும் போனை எடுத்தான். "அறுபத்து நாலே கால்" என்றான். பொழுது சாய்வதற்குள் அதை ஐந்து தடவை சொன்னான். இப்படியே இரண்டு நாள் போனால் புதன்கிழமை ஜோதியிடம் நான் என்னத்தைச் சொல்வது?

இரண்டாம் நாள்தான் பூங்கா. வாசலிலேயே, புளிச்சோறு மிச்சமிருந்த தூக்குவாளியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளிச்சாப்பாடு கூடாதாம். கைலியும் கூடாது, நைலான் துணிதான் உடுத்த வேண்டும். மினுமினுக்கும் நீலக் கால்சட்டையில் ஈஸ்வரன் இரண்டு கையாலும் தொடையை மறைத்துக்கொண்டு வெளியே வந்தான். "ஜோதி பாத்தா அத்துவிட்டுப் போயிருவா" என்றான்.

போனை லாக்கரில் வைக்க வேண்டும் என்றதும் முரண்டு பிடித்தான். என் போனுக்குத் தண்ணீர் புகாத உறை இருக்கிறது, அவசரம் என்றால் அதில் கூப்பிடுவார்கள் என்று சொல்லி, அவனோடு வேலை பார்க்கும் காசிக்கு என் எண்ணை அவனையே அனுப்ப வைத்தேன். அரை மனதாகப் பூட்டினான்.

முதலில் என் செல்ல விளையாட்டு. ஆறு மாடி உயரத்திலிருந்து இருட்டுக் குழாய் வழியாகக் கீழே வந்து விழுவது. வரிசையில் நிற்கப் போனவன் அறிவிப்புப் பலகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். நான்கு மொழிகளில் எழுதியிருந்தது, அதில் தமிழும் ஒன்று. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம்.

மூன்று தடவை வந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அந்தப் பலகையை நான் படித்ததில்லை.

"இங்க வரிச ரொம்ப நீளம்டா, வா" என்று அவனைத் திருப்பினேன். அடுத்ததிலும் அதே பலகை. அதற்கடுத்த ராட்டினத்தில் பலகைக்கு முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். பிரசர் குறைய வேண்டும் என்று நண்பனைக் கூட்டிவந்திருக்கிறேன், வந்த இடத்தில் முக்கால்வாசி விளையாட்டு பிரசர்காரனை ஏறாதே என்கிறது. ஜோதிக்குக் கொடுத்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவது?

"ஏலே, எதுலயும் ஏத்தாம சும்மா சுத்திச் சுத்திக் காட்டுற. நான் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்?"

பலகை இல்லாத ஒரு சறுக்கு தென்பட்டது. ஆசையாகக் கூட்டிப்போனேன். அங்கே நின்ற பணிப்பெண் சுவரில் வரைந்திருந்த ஒட்டகச்சிவிங்கியைக் காட்டினாள். அதன் கழுத்து உயரத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு அனுமதி இல்லை. ஒட்டகச்சிவிங்கி எங்கள் இடுப்பளவு இருந்தது.

கடைசியில் கிடைத்தது மிதவை ஓடை. டியூப்பில் மல்லாந்து படுத்தால் தண்ணீர் அதுவாக இழுத்துக்கொண்டு சுற்றி வரும். ஈஸ்வரன் படுத்தான். முதல் சுற்றில் கரையில் நின்றவரிடம் மோட்டார் எத்தனை எச்.பி. என்று கேட்டான். இரண்டாம் சுற்றில் பம்பு எங்கே இருக்கிறது என்று கேட்டான். மூன்றாம் சுற்றில் எதுவும் கேட்கவில்லை. கண்ணை மூடியிருந்தான். எனக்கு உயிர் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் என் கழுத்தில் தொங்கிய போன் அதிர்ந்தது. காசி.

"சேவியரா? அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல. அறுபத்தஞ்சு தாண்டிருச்சு. நாளைக்குள்ள மொத சங்கு ஊத வேண்டி வரும். நாங்க ரெண்டு பேரு இருக்கோம், ஆபீசருக இருக்காக. அவன் வர வேணாம். சும்மா காதுல போட்டு வைங்க."

நான் போட்டு வைக்கவில்லை. கண்ணை மூடி மிதந்து வருகிறவனிடம் எப்படிச் சொல்வது? அடுத்த சுற்றில் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு சாப்பாட்டுக்கு அப்புறம் என்று நினைத்தேன். சாப்பாட்டில் அவன் ஆறு ஆப்பம் சாப்பிட்டான். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. "என்னலே, முகம் வெளுத்திருக்கு? ஒனக்கு இங்கன ஒத்துக்கலயா?" என்று கேட்டான்.

இரண்டு மணிக்கு அலைக்குளம். பெரிய குளம், சரிந்த கரை, தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. கரையில் இருநூறு பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஈஸ்வரன் கணுக்காலளவுத் தண்ணீரில் நின்றான். நான் அவனுக்குப் பின்னால், சொல்லவா வேண்டாமா என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது சைரன் ஊதியது. நீளமாக, அடிவயிற்றிலிருந்து எழும்புகிற மாதிரி. அச்சு அசல் எங்கள் அணைச் சங்கு.

அந்தப் பூங்காவில் சைரன் என்றால் அலை வரப்போகிறது, உள்ளே வாருங்கள் என்று அர்த்தம். அவனிடம் அதை முன்பே சொல்லி வைக்க எனக்குத் தோன்றவில்லை. கரையில் இருந்த கூட்டம் கூச்சல் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் ஓடியது. ஒரே ஒரு ஆள் மட்டும் எதிர்த்திசையில் ஓடினான்.

"மேட்டுக்கு ஏறுங்க! ஏய், மேட்டுக்கு! மேட்டுக்கு!"

நான் பிடிப்பதற்குள் ஈஸ்வரன் இரண்டு கைகளிலும் இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படியேறியிருந்தான். அவற்றை மேலே இறக்கிவிட்டு மறுபடி ஓடினான். இந்தத் தடவை தொப்பி போட்ட ஒரு பெரியவரைக் கக்கத்தில் பிடித்து இழுத்து வந்தான். பெரியவர் அலறினார். ஒரு பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். "யார் இந்த ஆள்? என் பிள்ளைகளை எங்கே தூக்கிக்கொண்டு போகிறான்?" என்று மலையாளத்தில் கத்தினாள். காவலர்கள் விசில் ஊதினார்கள். அலை நின்றது. மொத்தக் குளமும் எங்களைப் பார்த்தது.

எனக்குத் தெரிந்த மலையாளத்தையெல்லாம் திரட்டி விளக்கினேன். இவர் அணையில் வேலை பார்க்கிறவர், சங்கு ஊதினால் ஆட்களை மேடேற்றுவதுதான் இவருக்குப் பழக்கம், மன்னித்துக்கொள்ளுங்கள். போலீஸைக் கூப்பிடுவார்களோ என்றுகூட நினைத்தேன். அந்தப் பெண் ஈஸ்வரனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்த தன் கணவனிடம் திரும்பினாள்.

"இந்த மனுஷன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நீங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினீர்கள்."

கரை முழுக்கச் சிரிப்பு. தொப்பிக்காரப் பெரியவரும் சிரித்தார். ஈஸ்வரன் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான்.

முதலுதவி அறைக்குக் கூட்டிப்போனார்கள். நர்ஸ் அவனுக்குப் பிரசர் பார்த்தார். கொஞ்சம் கூடுதல், ஓடியதால் இருக்கும் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கும் பார்த்தார். "முதலில் நீங்கள் படுங்கள்" என்றார்.

படுத்தபடியே சொல்லிவிட்டேன். காசி கூப்பிட்டதை, அறுபத்தைந்து தாண்டியதை, மறைத்ததை, பலகைகளையும்கூட.

அவன் என் கட்டிலருகில் வந்து நின்றான்.

"நீ யாருலே அத மறைக்க?"

"தங்கச்சிக்கு வாக்குக் குடுத்தேன்டா."

"அங்கன ஆத்துக்குள்ள ஆளுக நிக்கும். ஒனக்கு அது வெளாட்டா?"

எழுந்து போய்விட்டான். லாக்கர் பக்கம்தான் போகிறான், சட்டையை மாட்டிக்கொண்டு நேராக ஊருக்குத்தான் என்று நினைத்தேன். நர்ஸ் விட்டதும் பின்னால் ஓடினேன். லாக்கரில் இல்லை. அலைக்குளத்துக் காவலரின் உயர நாற்காலிக்கு அடியில், போனும் கையுமாக நின்றிருந்தான். காசியிடம் பேசி முடித்திருந்தான். என் பக்கம் திரும்பாமலே, "இவருகிட்ட ஒண்ணு கேக்கணும், சொல்லு" என்றான்.

"என்ன?"

"உள்ள வரச் சொல்றதுக்குச் சங்கு. அப்ப வெளிய போகச் சொல்றதுக்கு என்ன வச்சிருக்காக?"

காவலர் கழுத்து விசிலைத் தூக்கிக் காட்டினார். நாலு பக்கமும் நாலு பேர் இருப்பதைக் காட்டினார். நாற்காலிக் கைப்பிடிக்கு அடியில் இருந்த சிவப்புப் பொத்தானையும் காட்டினார். அதை அமுக்கினால் அலை நின்றுவிடும்.

"வீட்டுக்குப் போனா இவருக்குத் தூக்கம் வருமான்னு கேளு."

கேட்டேன். காவலருக்குக் கேள்வியே விசித்திரமாக இருந்தது. "ஆறு மணிக்குப் பூட்டினால் அலையையும் சேர்த்துத்தான் பூட்டுகிறோம், சேட்டா. அப்புறம் எனக்கென்ன?" என்றார்.

ஈஸ்வரன் சிரித்தான். நான்கு மாதமாக நான் கேட்காத சிரிப்பு. நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து சிரித்தான்.

அடுத்த சைரன் ஊதியபோது அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காவலரின் கையை ஒரு பார்வை பார்த்தான். கை பொத்தான் பக்கத்திலேயே இருந்தது. மீசையைத் துடைத்துவிட்டுக்கொண்டு, கத்திக்கொண்டே தண்ணீருக்குள் ஓடினான். மூடும்வரை வெளியே வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஓடுவதற்கு முன்னால் அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டான்.

"பொத்தான் வேற ஒருத்தன் கையில இருக்குலே" என்றான் தலையைத் துவட்டும்போது. என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. ஆனால் துண்டை என் மேல் எறிந்தான்.

மூன்றாம் நாள் திரும்பி வரும் வழியெல்லாம் தூங்கினான். குமுளி இறக்கத்தில் அவன் தலை என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. கம்பத்தில் நான் இறங்கவில்லை. கூட்டிப்போனவன் கொண்டுபோய் விட வேண்டும் அல்லவா? எனக்குத்தான் தூக்கம் இல்லை. ஆறு நிறைய செம்மண் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

அணைக்குக் கீழே மீன் வறுக்கும் கடையில் ஜோதி காத்திருந்தாள். வறுத்த மீன் இலைக்கு வரவும் மேலே சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

கடையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். கீழே ஒருத்தி காயப்போட்ட துணிகளை அவசரமாக அள்ளினாள். ஜோதியின் கண் ஈஸ்வரன் மேலேயே இருந்தது. என் கண்ணும்தான். இப்போது எழுந்து ஓடினான் என்றால் மூன்று நாளும் வீண்.

அவன் காதைச் சாய்த்துக் கேட்டான். ஆறு வருடமாக ஊதியவன், கரையில் உட்கார்ந்து அதைக் கேட்பது அதுதான் முதல் தடவையாம். துணிக்காரி மேடேறுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஏறியதும் முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு, "காசி நல்லாத்தான் ஊதுறான்" என்றான். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "அங்கனன்னா இப்ப உள்ள ஓடணும், என்ன மாப்ள?"

"எங்க ஓடணும்?" என்றாள் ஜோதி. ஈஸ்வரன் அடுத்த மீனை எடுத்து அவள் இலையில் வைத்தான்.

புதன்கிழமை மாலை வரை நான் போனைக் கையிலிருந்து இறக்கவில்லை. கடைசியில் அவள்தான் கூப்பிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் எறங்கியிருக்காம். மாத்திர இப்ப வேணாம், இன்னும் ஒரு மாசம் பாப்போம்னு டாக்டரு சொல்லிட்டாக. ஆனா இவுக இங்கன ஒரே ரகள. அடுத்த மாசம் நானும் அங்க வரணுமாம். புள்ளகுட்டி இல்லாம நாம அங்க போயி என்னண்ணே செய்ய? இந்த வயசுல டியூப்புல உக்காந்தா பாக்குறவுக என்ன பேசுவாக?"

நான் வாயைத் திறப்பதற்குள், அவளுக்குப் பின்னாலிருந்து ஈஸ்வரனின் குரல் கேட்டது.

"வீரபாண்டியில ராட்டினம் ஏறுனியேடி, அப்ப யாரு என்ன பேசுனாக?"